வளையத்தின் உயரம்

சஞ்சிகைக் குழுவிலுள்ள மாணவிகள் இருவர் போன மாதம் ஆசிரியர் ஓய்வறைக்கு வந்து, "டீச்சர், மலேசியாவுக்கு டீம் கொண்டுபோனதப் பத்தி ஒரு கட்டுரை எழுதித் தருவீங்களா?" என்று கேட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது அதிபர் காரியாலயச் சுவரில் தொங்கும் படத்தின் கதை. பத்துப் பிள்ளைகள் கழுத்தில் வெண்கலப் பதக்கத்தோடு இரண்டு வரிசையில் நிற்கிறார்கள். ஓரத்தில் கறுப்பு அபாயாவும் விசிலுமாக நான். பரிசளிப்பு விழாக்களில் அந்தப் படத்தைக் காட்டிப் பலர் பேசியிருக்கிறார்கள். நானும் இரண்டு முறை பேசியிருக்கிறேன். இரண்டு முறையும் ஒரு விடயத்தை விட்டுவிட்டுத்தான் பேசினேன். மேடையில் சொல்ல முடியாததைத் தாளில் எழுதலாம் என்ற துணிவில் இதை எழுதுகிறேன்.

பிள்ளைகளின் பெயர்களை எழுதப்போவதில்லை. அவர்களில் சிலர் இப்போது தாய்மார். வலைப்பந்தாட்டத்தில் பெயருக்கும் அவ்வளவு தேவையில்லை. நெஞ்சிலும் முதுகிலும் தொங்கும் பிப்பில் எழுத்து இருக்கிறது. ஜி.எஸ்., ஜி.ஏ., சென்டர், ஜி.கே. என்று ஏழு பேருக்கும் ஏழு எழுத்து. யார் எந்த எல்லைக்குள் ஓடலாம், யார் வளையத்துக்கு எறியலாம் என்பதை அந்த எழுத்துத்தான் தீர்மானிக்கும். எழுத்து இல்லாத மூன்று பேர் வாங்கில் இருப்பார்கள். இந்தக் கட்டுரை அந்த மூவரில் ஒருத்தியைப் பற்றியது. அவளைப் பத்தாமவள் என்று சொல்லிக்கொள்கிறேன். பெயர்ப் பட்டியலில் அவள் கடைசியாக இருந்தாள்.

2018 செப்டம்பரில் சிங்கப்பூரில் இலங்கை வலைப்பந்தாட்ட அணி ஒன்பது வருடங்களுக்குப் பிறகு ஆசியக் கிண்ணத்தை வென்றது. யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் 6 அடி 10 அங்குல உயரத்தோடு வளையத்துக்குக் கீழே நின்று பந்தை ஏந்திப் போடுவதைப் பிள்ளைகள் தொலைபேசியில் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். அந்த உற்சாகம் அடங்குவதற்குள், மலேசியாவில் டிசம்பர் விடுமுறையில் நடக்கவிருந்த பாடசாலைகளுக்கான சர்வதேச இளையோர் சுற்றுப்போட்டி ஒன்றுக்கு அழைப்பு வந்தது. பதினாறு வயதுக்குட்பட்ட பெண்கள். மாகாண மட்டத்தில் இரண்டாமிடம் பெற்றிருந்தோம். போகலாமா என்று அதிபர் கேட்டார். போகலாம் என்று, செலவைக் கணக்குப் பார்க்காமலே சொல்லிவிட்டேன்.

11ஆம் தரப் பிள்ளைகளுக்கு டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை. ஆகவே 9ஆம், 10ஆம் தரங்களிலிருந்துதான் அணி. வீடு வீடாகப் போய் அனுமதி கேட்டேன். சென்டர் விளையாடும் பிள்ளையின் வாப்பா மட்டும் கதவடியிலேயே நிறுத்திவைத்து, "பொம்புளப் புள்ளைகளுக்கு ஏத்த விளையாட்டா டீச்சர் இது?" என்று கேட்டார். நான் பயிற்சிக் கல்லூரியில் படித்ததைச் சொன்னேன். 1891இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் நைஸ்மித் கூடைப்பந்தைத் தொடக்கினார். சில வருடங்களில் அது இங்கிலாந்துக்குப் போனது. அங்கே பெண்களுக்கான உடற்பயிற்சிக் கல்லூரிகளில் நிலம் தொடும் பாவாடையும் நீளக்கை மேற்சட்டையும் அணிந்த பெண்கள் அதை விளையாடத் தொடங்கினார்கள். அந்த உடுப்போடு பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. ஆகவே பந்தோடு ஓடக்கூடாது, மற்றவரோடு மோதக்கூடாது, ஆளுக்கொரு எல்லை என்று விதிகளை மாற்றினார்கள். வலைப்பந்தாட்டம் அப்படித்தான் பிறந்தது. "நீளப் பாவாடைக்காகவே செஞ்ச விளையாட்டு இது, சேர்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். கடிதத்தில் கையொப்பமும் வைத்தார்.

எங்கள் மைதானத்தை இன்றைய மாணவிகள் சுவரும் பூச்செடியுமாகத்தான் அறிவார்கள். அப்போது அது முழுக்க மணல். கடல் கூப்பிடு தூரம். பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றி வேலியோரம் வைத்துவிட்டு வெறுங்காலோடு விளையாடுவார்கள். மணலில் ஓடினால் கால் பலப்படும் என்று நானும் அதை ஊக்கப்படுத்தினேன். பலப்பட்டது உண்மை. ஆனால் பந்தைப் பிடித்ததும் முதலில் ஊன்றிய கால் எது என்பதுதான் இந்த விளையாட்டின் உயிர். அந்தக் காலைத் தூக்கலாம், மீண்டும் நிலத்தில் வைப்பதற்குள் பந்தைக் கைவிட்டிருக்க வேண்டும். மூன்று செக்கனுக்குமேல் பந்தை வைத்திருக்கவும் கூடாது. மணலில் கால் புதைந்து தானாக நின்றுவிடும். பலகைத் தரையில் அப்படி நிற்காது என்பதை நான் யோசிக்கவில்லை. யோசிக்காதவற்றில் அது சிறியது.

பத்தாமவள் மருதமுனையிலிருந்து பஸ்ஸில் வருபவள். உம்மா கைத்தறி நெய்கிறவர். வாப்பா இல்லை. பிள்ளை அவ்வளவு உயரமில்லை, வேகமும் குறைவு. ஆனால் எறியும் பந்து நிதானமாகப் போகும். எல்லாவற்றையும் கவனிக்கும் பழக்கம் அவளுக்கு இருந்தது. தறிக்குப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அது இயல்பாக வந்திருக்கலாம். ஒரு நூல் அறுந்தால் முழுத் துணியும் கெட்டுப்போகுமே. பயிற்சியில் யார் எத்தனை எறிந்தார்கள், எத்தனை விழுந்தன என்று குறிக்கும் கொப்பியை அவளிடம்தான் கொடுத்திருந்தேன். அவள் எண்ணிக்கையோடு நிறுத்தவில்லை. ஒவ்வொரு எறிக்கும் ஒரு சிறு வட்டம் கீறி, தவறிய பந்து வளையத்தின் எந்தப் பக்கத்தில் பட்டது என்று புள்ளி வைப்பாள். அதைப் பார்த்து நான், "இவ்வளவு தேவையில்ல மகள்" என்று சொன்னதும் ஞாபகம் இருக்கிறது.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு வாக்குக் கொடுத்தேன். பணம் பெரிய பிரச்சினையாக இருந்தது. ஒரு ரிங்கிட் 40 ரூபாயைத் தாண்டியிருந்த நேரம். பழைய மாணவிகள் சங்கம் ஒரு பகுதி தந்தது, கடைத்தெருவில் ஒரு பகுதி சேர்ந்தது, மிகுதியை வீடுகள்தான் போட வேண்டும். ஒரு தாய் எழுந்து கேட்டார்: "ஏழு பேர்தானே விளையாடுற. மத்த மூணு பேரும் பாக்கத்தான் போறாங்களா?" நான் எழுந்து நின்று, "பத்துப் பேரையும் இறக்குவேன். எறங்காம ஒரு புள்ளயும் திரும்பி வராது" என்றேன். சபை அமைதியானது. பத்தாமவளின் உம்மா பின் வரிசையில் இருந்தார். அவர் சீட்டுக் காசைத் தள்ளுபடிக்கு எடுத்து டிக்கட்டுக்குக் கட்டியது எனக்குப் பிறகுதான் தெரியும்.

கல்முனையிலிருந்து கட்டுநாயக்கவுக்கு ஓர் இரவு பஸ். பிறகு மூன்றரை மணித்தியாலம் விமானம். பத்துப் பேரில் எட்டுப் பேர் முதன்முறை விமானம் ஏறுகிறார்கள். இதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். எழுதினால் வாந்தி எடுத்தவர்களின் பெயரையும் எழுத வேண்டிவரும்.

போட்டி நடந்தது ஷா ஆலமில். நகரத்தில் எங்கிருந்து பார்த்தாலும் அந்தப் பெரிய நீலக் குவிமாடப் பள்ளிவாசல் தெரியும். அங்கே வலைப்பந்தாட்டத்தைப் 'போலா ஜாரிங்' என்கிறார்கள். எங்கள் நாட்டில் மாகாணப் போட்டிகளுக்குப் போனால், "அந்த ஸ்காப் போட்ட டீம்" என்று எங்களை அடையாளம் சொல்வார்கள். ஷா ஆலமில் அணிவகுப்புக்கு நின்றபோது பாதிக்கு மேற்பட்ட அணிகள் எங்களைப் போலவே தலை மூடி, நீளக் காற்சட்டை அணிந்திருந்தன. எங்கள் ஜி.கே. என் காதருகே வந்து, "டீச்சர், இஞ்ச எங்களயாரும் பாக்கல்ல" என்றாள். அந்த வசனத்தில் இருந்த நிம்மதி இப்போதும் காதில் இருக்கிறது.

முதல் மெச்சுக்கு முன் மத்தியஸ்தர் வரிசையாக நகங்களைப் பார்த்தார். விரல் நுனியைத் தாண்டி நகம் இருந்தால் வெட்ட வேண்டும், நகையும் கூடாது. அதற்கெல்லாம் ஆயத்தமாகத்தான் போனோம். ஆனால் அவர் ஸ்காப்பைத் தொட்டுக்காட்டி ஏதோ சொன்னார். ஊசி! எல்லாப் பிள்ளைகளும் ஸ்காப்பை ஊசியால் குத்தியிருந்தார்கள். ஊர்ப் போட்டிகளில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. மெச் தொடங்க ஏழு நிமிடம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்களோடு மோதவிருந்த மலேசிய அணியின் பயிற்றுவிப்பாளர் அதைப் பார்த்துவிட்டு, தன் பையிலிருந்து தலைவழியாக மாட்டிக்கொள்ளும் தைத்த ஸ்காப் பத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். மொழி விளங்காவிட்டாலும் "ஸலாம்" விளங்கியது. அவர்களுடைய கடும் பச்சை நிற ஸ்காப்பை அணிந்துகொண்டுதான் அவர்களிடம் தோற்றோம். 17க்கு 31.

தோற்றது கவலையில்லை, தோற்ற விதம்தான் விளங்கவில்லை. பலகைத் தரையில் புதுச் சப்பாத்தோடு பிள்ளைகள் நிற்க முடியாமல் தவித்தார்கள். கால் தவறுக்கு விசில் ஊதி ஊதி மத்தியஸ்தரே களைத்துவிட்டார். அது எதிர்பார்க்கக்கூடியது. ஆனால் எங்கள் ஜி.எஸ். ஊரில் ஐம்பது எறிந்தால் நாற்பது போடுகிறவள். அங்கே தூரத்திலிருந்து எறிந்த பந்தெல்லாம் வளையத்தில் பட்டுத் திரும்பின. கூடைப்பந்தைப் போல இதில் பின்பலகை கிடையாது. தவறினால் தவறியதுதான்.

மண்டபத்துக்குள்ளேயே தொழுகை அறை இருந்தது. லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதுவிட்டு வெளியே வந்தபோது பத்தாமவள் கொப்பியோடு நின்றாள்.

"டீச்சர், இஞ்ச வளையம் உசரமா இரிக்கி."

"என்ன?"

"முப்பத்தாறு எறிஞ்சிரிக்காங்க. பத்தொம்பது மிஸ். அதுல பதினாலு முன் விளிம்புல பட்டிரிக்கி. ஊருல மிஸ் ஆனா எல்லாப் பக்கமும் படும். இஞ்ச முன்னுக்குத்தான் படுது. பந்து காணாம விழுது."

தோற்ற மனநிலையில் இருந்தேன். அதை ஒரு சாட்டு என்று மட்டும் சொல்லலாம். "வளையம் உலகம் முழுக்க ஒரே உசரம்தான்! 3.05 மீற்றர். கொப்பியில படம் கீறுறத விட்டுட்டு எறியப் பழகுங்க" என்றேன். குரலை உயர்த்தித்தான் சொன்னேன். மற்றப் பிள்ளைகள் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கொப்பியை மூடினாள். "சரி டீச்சர்."

இரவு நானாக ஒரு காரணம் கண்டுபிடித்தேன். ஊரில் பிள்ளைகள் கடற்காற்றில் எறிந்து பழகியவர்கள். மூடிய மண்டபத்தில் காற்றில்லை, அதனால் கை குழம்புகிறது. இப்போது நினைக்கச் சிரிப்பாக இருக்கிறது. அன்று அதைப் பெரிய ஆராய்ச்சி போல அதிபருக்குத் தொலைபேசியில் விளக்கினேன். தீர்வும் சொன்னேன்: தூரத்திலிருந்து எறிவதில்லை. எறியும் வட்டத்தின் ஆரம் 4.9 மீற்றர், அதன் விளிம்பில் நின்று முயலாமல், பந்தைக் கைமாற்றிக் கைமாற்றிக் கம்பத்துக்கு நேர் கீழே கொண்டுபோய்ப் போடுவது. இரண்டாவது மெச்சில் அது பலித்தது. தாய்லாந்துப் பாடசாலை ஒன்றை 24க்கு 19 என்று வென்றோம். வாங்கிலிருந்த மூவரில் இருவரை அந்த மெச்சிலேயே இறக்கிவிட்டேன். மிச்சம் ஒருத்தி. நாளைக்கு, என்று நினைத்தேன்.

நாளை வந்தது. குழுவின் கடைசி மெச், சிங்கப்பூர்ப் பாடசாலையோடு. வென்றால் அரையிறுதி, தோற்றால் வீடு. மூன்று கால்பகுதி முடிய 16க்கு 16.

நான்கு நிமிட இடைவேளை. ஜி.எஸ். தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். கம்பத்துக்குக் கீழே போக எதிரணி விடவில்லை. தூரத்திலிருந்து எறிந்த மூன்றும் தவறியிருந்தன. நான் பத்தாமவளைப் பார்த்து, "பிப்பைப் போடுங்க" என்றேன். ஜி.எஸ். கழற்றிக் கொடுத்த பிப் வியர்வையில் ஊறியிருந்தது. அவள் அதை மாட்டி, பக்கத்துப் பட்டியை ஒட்டி, கைகளை இரண்டு முறை உதறினாள். அவளுடைய முகத்தை அப்போது பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

ஜி.ஏ. என்னருகில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "வேணா டீச்சர். அவ ஒரு மெச்சும் விளையாடல்லயே. பயந்துருவா." அதே நேரம் மடியிலிருந்த தொலைபேசி அதிர்ந்தது. ஊரிலிருந்து. மூன்று நாளாக ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. அரையிறுதி என்றால் பத்திரிகையில் வரும், வலயக் கல்விப் பணிப்பாளர் வருவார், அடுத்த முறை காசு கேட்கும்போது கதவு திறக்கும். இதெல்லாம் அந்த நான்கு நிமிடத்துக்குள் என் தலையில் ஓடியது. பொய் சொல்லக்கூடாது; என் பெயரும் ஓடியது.

"கொஞ்சம் பொறுங்க மகள்" என்றேன்.

அவள் விளங்கிக்கொண்டாள். பட்டியைப் பிரித்து, பிப்பைத் தலைவழியாகக் கழற்றி, அதை நான்காக மடித்து என்னிடம் தந்தாள். எறியவில்லை, கசக்கவில்லை. மடித்துத் தந்தாள். நான் விரித்து ஜி.எஸ்.ஸிடம் கொடுத்தேன்.

22க்கு 21. வென்றோம். கடைசி கோலை ஜி.ஏ. போட்டாள். பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து அழுதார்கள். பத்தாமவளும் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தாள். அவளுடைய சந்தோஷம் உண்மையானது என்றுதான் நினைக்கிறேன். என்னுடையதைப் பற்றி அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியாது. இரவு தங்குமிடத்தில் ஆட்களை எண்ணப் போனேன். எல்லோரும் ஓர் அறையில் தொலைபேசியில் வந்த வாழ்த்துகளை வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி இல்லை. பின்பக்க மாடத்தில் ஏழு பிப்புகளையும் தோய்த்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். உதவி செய்வதுபோல இரண்டு கிளிப்பை எடுத்துக் கொடுத்தேன். "நாளைக்குக் காலையில காஞ்சிரும் டீச்சர்" என்றாள். வேறொன்றும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். மாணவியிடம் மன்னிப்புக் கேட்கும் பழக்கம் எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அரையிறுதியில் அதே பச்சை ஸ்காப் அணி. மூன்று கால்பகுதி முடிய 10க்கு 31. இனி இழக்க ஒன்றுமில்லை என்ற நிலையில் அவளைக் கூப்பிட்டேன். 'இப்பவா?' என்று கேட்பாள், அல்லது வேண்டாம் என்பாள் என்று பயந்தேன். இரண்டும் இல்லை. எழுந்து வந்து பிப்பை மாட்டினாள். பத்து நிமிடம் விளையாடினாள். முதல் பந்தை அவள் எறிந்த விதத்தைப் பார்த்ததும் எனக்கு ஏதோ செய்தது. முழங்கையை வழமையைவிட உயர்த்தி, முழங்காலை நன்றாக மடித்து, பந்தை மேலே, இன்னும் மேலே அனுப்பினாள். அது வளையத்தைத் தொடாமல் வலைக்குள் விழுந்தது. அதுவும் வட்டத்தின் விளிம்பிலிருந்து. அந்த விளிம்பிலிருந்து எங்கள் அணி போட்ட முதல் கோல்.

14க்கு 38 என்று முடிந்தது. அரையிறுதியில் தோற்ற இரண்டு அணிகளுக்கும் மூன்றாமிடத்தைப் பகிர்ந்து கொடுத்தார்கள். சுவரில் தொங்கும் படம் அப்போது எடுத்ததுதான்.

பாடசாலை வாசலில் பஸ் நின்றபோது சுபஹுக்கு இன்னும் நேரமிருந்தது. தாய்மார் வரிசையாக நின்றார்கள். பத்தாமவளின் உம்மா மகளின் பையை வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். "டீச்சர், என்ட புள்ள எத்தின கோல் போட்ட?" கூட்டத்தில் நான் சொன்ன வாக்கு எனக்கு முன்னால் வந்து நின்றது. வாயைத் திறப்பதற்குள் மகள் சொன்னாள்: "நாலு உம்மா. செமி பைனல்ல." அந்தத் தாயின் முகம் அந்த இருட்டிலும் தெரிந்தது. பக்கத்தில் நின்றவரிடம் திரும்பி, "செமி பைனல்லயாம், நாலு கோலாம்" என்றார். மகள் என்னைப் பார்க்கவில்லை.

2019 ஜனவரியில் பாடசாலை திறந்தது. முதல் வாரம், இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஓட்டப் பாதை கீற அளவு நாடாவோடு மைதானத்தில் நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது. உண்மையில் அது மலேசியாவிலிருந்தே என்னோடு வந்தது, நான்தான் நாடாவைக் கம்பத்தடிக்குக் கொண்டுபோகாமல் தள்ளிப்போட்டேன். காவலாளிக் காக்காவிடம் ஏணி கேட்டேன். பத்தாமவள் வகுப்பிலிருந்து வந்தாள். நான் மேலே ஏறி வளையத்தில் நாடாவைப் பிடித்தேன். அவள் கீழே குந்தியிருந்து மறுமுனையை மணலில் அழுத்தினாள்.

"எவ்வளவு?"

"2 மீற்றர் 96, டீச்சர்."

ஒன்பது சென்டிமீற்றர். கம்பம் கொங்கிரீட்டில் நட்டபோது சரியாகத்தான் இருந்தது. முந்திய வருடத்து மழைக்குப் பிறகு, பள்ளம் நிரப்ப ஆறு லோட் மணல் கொட்டி மைதானம் முழுக்க இழுத்துவிட்டோம். நானே பக்கத்தில் நின்று பரவச் சொன்னேன். நிலம் உயர்ந்தது, வளையம் அங்கேயே நின்றது. ஒரு வருடம் என் பிள்ளைகள் குள்ளமான வளையத்துக்குக் கை பழகியிருக்கிறார்கள். மாகாணப் போட்டியில் தூரத்து எறிகள் தவறியபோதும் நான் பதற்றம் என்றே சொன்னேன். வளையம் உலகம் முழுக்க ஒரே உயரம் என்று அவளிடம் சத்தமிட்டேனே, அது சரியான வசனம்தான். எங்கள் மைதானம் மட்டும் அந்த உலகத்தில் இல்லை.

"நீங்க சொன்னது சரி" என்றேன், ஏணியிலிருந்து இறங்காமலே.

அவள் நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "மணல எடுத்தாக் காணும் டீச்சர், கம்பத்தக் கழட்டத் தேவல்ல" என்றாள்.

அன்றைக்கு அவளுக்கு இரண்டாவது வாக்கையும் கொடுத்தேன். அடுத்த பயணத்தில் முதல் ஏழு பேரில் அவள் இருப்பாள் என்று. கொடுக்காமல் இருந்திருக்கலாம். ஏப்ரல் 21 வந்தது. அதன் பிறகு அந்த வருடம் எப்படி இருந்தது என்று எங்கள் ஊர்களில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பாடசாலைகள் நாட்கணக்கில் மூடிக் கிடந்தன. திறந்தபோது வாசலில் பைகளைச் சோதித்தார்கள். பிள்ளைகள் மணியடித்ததும் வீட்டுக்குப் போனால் போதும் என்று பெற்றோர் இருந்த காலத்தில் மாலைப் பயிற்சியைப் பற்றி யார் பேசுவது? அவள் அந்த டிசம்பரில் சாதாரண தரம் எழுதினாள். அடுத்த வருடம் கொரோனா. உயர்தரத்துக்கு அவள் வேறு பாடசாலைக்குப் போய்விட்டாள். இப்போது பல்கலைக்கழகத்தில் இருக்கிறாள், கணக்கு சம்பந்தப்பட்ட பாடம் படிக்கிறாள். வளையத்தின் புள்ளிகளைப் பார்த்த எனக்கு அது ஆச்சரியமாக இல்லை.

இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியதும் அனுமதி கேட்டு அவளுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். பிப்பைத் திரும்ப வாங்கியதை எழுதப்போகிறேன், பெயர் போடமாட்டேன் என்று. இரண்டு நாள் பதிலில்லை. மூன்றாம் நாள் குரல் பதிவு ஒன்று வந்தது. பின்னணியில் தறிச் சத்தம் கேட்டது. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

"எழுதுங்க டீச்சர். நாலு கோல் எண்டும் எழுதுங்க. ஆறு எறிஞ்சது, ரெண்டு மிஸ் ஆனது, அதையும் விட்டுராதீங்க. ரெண்டும் பின் விளிம்புல பட்டிச்சி. நான் கொஞ்சம் கூட உசத்திட்டன்."